குளத்துக் குத்தகையும் கால்பந்து கிளப்பும்: லீட்ஸ் ஓனர் ஒருவரின் கணக்கு

இங்கிலாந்தின் வடக்கே இருக்கிறது லீட்ஸ் நகரம். அங்குள்ள 'தி ஹண்ட்ரட்' கிரிக்கெட் அணியை 2025-ல் சுமார் 10 கோடி பவுண்டுக்கு முழுசாக வாங்கியது சென்னையைச் சேர்ந்த சன் டிவி நெட்வொர்க். அதன் தலைவர் கலாநிதி மாறனின் குடும்பத்துக்குப் பூர்வீகம் திருக்குவளை. பழைய தஞ்சாவூர் மாவட்டம், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி அது.

டிவி நடத்துபவர் டீம் வாங்குவது லீட்ஸ் மக்களுக்குப் புதுசு இல்லை. அதே ஊரின் கால்பந்து கிளப்பான லீட்ஸ் யுனைடெட், 2017 முதல் 2023 வரை ஆண்ட்ரியா ராட்ரிசானி என்ற இத்தாலியரிடம் இருந்தது. அவர் ஆட்டக்காரராகப் பேர் வாங்கியவர் இல்லை. மேட்சுகளை டிவிகளுக்கு விற்று முன்னேறியவர்.

அவர் பயணத்தைப் புரிந்துகொண்டால் நம் ஊர்க் கால்பந்து ஏன் இப்படித் தடுமாறுகிறது என்பதும் ஓரளவு விளங்கும். அந்தக் கணக்கை டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

குளம் ஊருடையது, மீன் குத்தகைக்காரருடையது

கிராமத்துக் குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் குளத்தை வாங்கிவிடவில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு அதிலிருக்கும் மீன் அவருக்குச் சொந்தம், அவ்வளவுதான். அவரே வலை போட்டு விற்கலாம், கரையிலேயே இன்னொரு வியாபாரிக்குக் கைமாற்றியும் விடலாம். மழை பொய்த்தால் நஷ்டம் அவருக்கு. ஊருக்குக் குத்தகைப் பணம் முதலிலேயே வந்துவிடும்.

விளையாட்டு ஒளிபரப்பு உரிமையும் இதே கதைதான். லீக் என்பது குளம், மேட்ச் என்பது மீன். இத்தாலியின் சீரி ஆ லீக் அப்போது தன் வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தது. அந்த நிறுவனம் அதை நாடு நாடாகப் பிரித்து அங்கங்குள்ள சேனல்களுக்கு விற்றது. கொடுத்த விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் இருப்பது லாபம்.

1974-ல் பிறந்த ராட்ரிசானி, ரிக்கார்டோ சில்வா உள்ளிட்டோருடன் சேர்ந்து 2004-ல் தொடங்கிய எம்.பி அண்ட் சில்வா செய்தது இந்த இடைத்தரகு வேலையைத்தான். காலம் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆசியா முழுக்க கேபிளும் டிஷ்ஷும் பரவிக்கொண்டிருந்த நேரம். ஒவ்வொரு சேனலுக்கும் நேரலை விளையாட்டு தேவைப்பட்டது. சீரியலை நாளைக்குப் பார்க்கலாம், மேட்சை நாளைக்குப் பார்த்து என்ன பிரயோஜனம்? அதனால் விலை ஏறிக்கொண்டே போனது. 2016-ல் சீனாவின் எவர்பிரைட், பாவ்ஃபெங் நிறுவனங்கள் எம்.பி அண்ட் சில்வாவின் 65 சதவீதப் பங்கை வாங்கியபோது, முழு நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆட்ட உரிமைகளுக்கான தொகையைக் கட்ட முடியாமல் திணறிய எம்.பி அண்ட் சில்வாவைக் கலைக்கும்படி, பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனம் தொடுத்த வழக்கில் லண்டன் நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவிட்டது. 100 கோடி டாலர் மதிப்பு காட்டிய கம்பெனி இரண்டே ஆண்டில் மூடப்பட்டது. ராட்ரிசானி அதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பிவிட்டார். 2019-ல் இத்தாலியின் போட்டி ஆணையம் இன்னொரு குண்டைப் போட்டது. சீரி ஆ வெளிநாட்டு உரிமை ஏலங்களில் எம்.பி அண்ட் சில்வா உள்ளிட்ட நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலை கேட்டன என்று கண்டறிந்து, மொத்தம் சுமார் 6.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. இது நிறுவனங்கள் மீதான தீர்ப்பு, தனி நபர் மீதானது இல்லை. ஆனாலும் 'ஏலத்துக்கு முன்னாடியே பேசி முடிச்சிட்டாங்க' என்ற புகார் குளத்துக் குத்தகைக்கு மட்டும் உரியது இல்லை என்பது இதில் தெரிகிறது.

தரகர் ஏன் குளத்தையே வாங்க நினைக்கிறார்?

குத்தகைக்காரருக்கு ஒரு நிரந்தர பயம் உண்டு. அடுத்த ஏலத்தில் இன்னொருவர் கூடக் கேட்டுவிட்டால் அவர் கையில் மிஞ்சுவது வெறும் வலைதான். சொந்தமாக எதுவுமே இருக்காது.

ராட்ரிசானி இரண்டு வழிகளில் இதிலிருந்து தப்பிக்கப் பார்த்தார். 2015-ல் 'அசர்' என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கி, அதன் கீழ் 'இலெவன் ஸ்போர்ட்ஸ்' என்ற சேனல் வலையமைப்பைக் கட்டினார். பெல்ஜியம், போலந்து, சிங்கப்பூர், தைவான் என்று பெரிய ஆட்கள் அதிகம் கண்டுகொள்ளாத சந்தைகளாகப் பார்த்து நுழைந்தார். இதுவரை சரி. 2018-ல் பிரிட்டனுக்குள்ளும் போனார். ஸ்பெயின், இத்தாலி லீக் ஆட்டங்களை அங்கே மொபைலில் காட்டுகிறேன் என்று உரிமை வாங்கியவர், சில மாதங்களிலேயே கையைச் சுட்டுக்கொண்டு 2019 தொடக்கத்தில் அவற்றை இன்னொரு சேனலிடம் விட்டுக்கொடுத்தார். ஸ்கை, பிடி என்று ஏற்கெனவே மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்த ரசிகர்கள் மூன்றாவதாக ஒரு ஆப்புக்குப் பணம் கட்டத் தயாராக இல்லை. நம் போனில் எத்தனை ஓடிடி ஆப்பை டெலீட் செய்திருக்கிறோம் என்று யோசித்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2020-ல் மைகூஜூ என்ற ஸ்ட்ரீமிங் தளத்தை இலெவன் வாங்கியது. பெரிய கேமரா வண்டி இல்லாமல், சிறிய லீக்குகளும் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே நேரலை செய்ய உதவிய தளம் இது. இந்தியாவின் இரண்டாம் நிலை ஐ-லீக் ஆட்டங்கள்கூட இதில்தான் ஓடின. கடைசியில் இலெவன் மொத்தமும் 2023-ல் டசோன் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது வழி, குளத்தையே வாங்குவது. அதாவது கிளப்.

லீட்ஸ் ஏன்?

2017 ஜனவரியில் லீட்ஸ் யுனைடெட்டின் பாதிப் பங்கை மாசிமோ செல்லினோவிடமிருந்து வாங்கினார் ராட்ரிசானி. மே மாதத்தில் மீதியும் அவர் கைக்கு வந்தது. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த கிளப், 2004-ல் பிரீமியர் லீகிலிருந்து கீழே விழுந்து, கடனுக்காக எல்லண்ட் ரோடு மைதானத்தையே விற்றுவிட்டு, சொந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தது. புது ஓனர் முதல் சில வாரங்களிலேயே மைதானத்தைத் திரும்ப வாங்கினார். ரசிகர்கள் மனசில் அவர் இடம் பிடித்தது இதனால்தான்.

வியாபாரக் கணக்கு வேறு. அப்போது லீட்ஸ் ஆடியது இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப் லீக். அங்கே ஒரு கிளப்புக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் டிவி பணம் ஒரு கோடி பவுண்டுக்கும் குறைவு. ஒரு படி ஏறி பிரீமியர் லீகுக்குப் போனால், கடைசி இடத்தில் வந்தாலும் சுமார் 10 கோடி பவுண்டு. நடுவில் ஒரே ஒரு கதவு. அதற்கு 'ப்ரமோஷன்' என்று பெயர்.

பிரீமியர் லீகில் பணம் பிரியும் விதத்தையும் கவனிக்க வேண்டும். உள்நாட்டு டிவி பணத்தில் பாதி எல்லா 20 கிளப்புகளுக்கும் சமமாகப் போகும். கால் பங்கு முடிந்த இடத்தைப் பொறுத்து, மீதிக் கால் பங்கு எத்தனை ஆட்டம் டிவியில் வந்தது என்பதைப் பொறுத்து. கீழே விழுந்தாலும் மூன்று ஆண்டு வரை குறைந்துகொண்டே போகும் ஒரு தொகை உண்டு. மேட்டூர் திறந்தால் யாருக்கு எத்தனை நாள் முறை என்று எழுதி வைத்த மாதிரி. தலைமடைக்காரருக்குக் கூடுதல் கிடைக்கலாம், ஆனா கடைமடைக்கும் கணக்கு உண்டு.

இந்த ஏற்பாட்டுக்குள் நுழைய ராட்ரிசானி செய்ததில் பாதி தப்பு. 2018 ஜனவரியில் கிளப்பின் சின்னத்தை மாற்றி, நெஞ்சில் கை வைத்து நிற்கும் உருவம் ஒன்றை வெளியிட்டார். எதிர்ப்பு மனுவில் பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட, சில நாளிலேயே பின்வாங்கினார். அதே ஆண்டு மே மாதம் ரோஹிங்யா துயரம் நடந்துகொண்டிருந்த மியான்மருக்கு அணியைச் சுற்றுப்பயணம் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டார். கிளப்பை ஒரு பிராண்டாக மட்டும் பார்த்தால் இப்படித்தான் சறுக்கும்.

ஆனால் ஜூன் மாதம் எடுத்த முடிவு எல்லாவற்றையும் மறக்கடித்தது. அர்ஜென்டினாவின் மார்சேலோ பியல்சாவைப் பயிற்சியாளராக்கினார். இரண்டாம் நிலை கிளப்புக்கு அப்படியொரு ஆள் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு ஆட்டத்தையே மாற்றினார் பியல்சா. முதல் ஆண்டில் மூன்றாம் இடம், பிளே-ஆஃபில் டெர்பியிடம் தோல்வி. அந்த சீசனை அமேசான் ஒரு ஆவணத் தொடராக வெளியிட்டது. தோல்விகூட உலகம் முழுக்கப் பார்க்கப்படும் சரக்காக மாறியது. மீடியா ஓனருக்கு இது அல்வா.

2020 ஜூலை 17-ல் கதவு திறந்தது. 16 ஆண்டுக்குப் பிறகு லீட்ஸ் பிரீமியர் லீகில். கொரோனாவால் மைதானத்தில் ஒரு ரசிகர் இல்லை. அடுத்த சீசனில் 59 புள்ளிகளோடு 9-ம் இடம்.

அதன்பின் இறக்கம். 2022 பிப்ரவரியில் பியல்சா நீக்கப்பட்டார். கடைசி நாள் ஆட்டத்தில் தப்பித்த அணி, அடுத்த ஆண்டு, அதாவது 2023 மே மாதம் கீழே விழுந்தது. 2018 முதலே பங்கு வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவின் 49-அர்ஸ் நிறுவனம் மீதியையும் வாங்கிக்கொண்டது. பிரீமியர் லீகில் நீடித்திருந்தால் கிளப்புக்கு 40 கோடி பவுண்டு வரை மதிப்புப் போட ஒப்பந்தம் இருந்ததாகவும், கீழே விழுந்ததால் அது சுமார் 17 கோடியாகச் சுருங்கியதாகவும் செய்திகள் வந்தன. அதே மைதானம், அதே ஊர், அதே ரசிகர்கள். ஒரு படி இறங்கியதற்கு விலை பாதிக்கும் கீழே. வித்தியாசம் முழுக்க டிவி பணம்.

ராட்ரிசானி அடுத்து இத்தாலியில் திவாலின் விளிம்பில் இருந்த சாம்ப்டோரியா கிளப்பை மத்தேயோ மான்ஃப்ரெடியோடு சேர்ந்து எடுத்தார். பிறகு பொறுப்பு மான்ஃப்ரெடி கைக்குப் போனது. அது இங்கே பெரிதாகப் பேச வேண்டிய கதை இல்லை.

பேச வேண்டியது 2018-ல் நடந்த ஒரு சண்டை. சாம்பியன்ஷிப் உள்ளிட்ட கீழ்நிலை லீக்குகளின் டிவி உரிமையை ஐந்து ஆண்டுக்கு 59.5 கோடி பவுண்டுக்கு ஸ்கைக்குக் கொடுக்க நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது. இது அடிமாட்டு விலை என்று வெளிப்படையாகச் சண்டைக்குப் போனார் ராட்ரிசானி. மற்ற கிளப் ஓனர்களும் சேர்ந்துகொண்டார்கள். மீன் என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்த குத்தகைக்காரர் ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். ஒப்பந்தம் மாறவில்லை. ஆனாலும் கீழ்நிலைக் கிளப்புகளின் உரிமை எவ்வளவு போகும் என்ற கேள்வியை பகிரங்கமாகக் கேட்க ஒரு ஆள் இருந்தார். மீடியா ஓனரால் கால்பந்துக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் ஆவணப்படம் இல்லை, இந்தக் கேள்விதான்.

சரி, நம் ஊரில்?

கிரிக்கெட்டில் இந்த வாய்க்கால் அகலமானது. 2023 முதல் 2027 வரையான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டங்கள் என்று வகுத்தால் ஒரு ஆட்டத்துக்கு 118 கோடி. அதில் அணிகளுக்கும் பங்கு உண்டு. 2012-ல் ஆண்டுக்கு 85.05 கோடி ரூபாய் தருவதாகச் சொல்லி ஹைதராபாத் அணியை சன் டிவி எடுத்தபோது, நேரலை விளையாட்டின் விலை எந்தப் பக்கம் போகும் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கும். சேனல் நடத்துபவருக்கு அது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கால்பந்தில் வாய்க்காலே வேறு மாதிரி வெட்டப்பட்டது. 2010-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி-ரிலையன்ஸிடம் கொடுத்தது. 2014-ல் ஐஎஸ்எல் வந்தது. லீக்கை நடத்திய கம்பெனியில் ஸ்டார் டிவியும் பங்குதாரர், ஒளிபரப்பியதும் ஸ்டார்தான். லீட்ஸில் மீடியாக்காரர் ஒரு கிளப்பை வாங்கினார். இங்கே மீடியாவும் முதலீட்டாளரும் சேர்ந்து லீக்கையே கையில் வைத்திருந்தார்கள். மடையும் அவர்களுடையது, மடைச் சாவியும் அவர்களுடையது.

நன்மை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. சென்னையின் எஃப்சி இரண்டு முறை பட்டம் வென்றது. டிவியில் இந்தியக் கால்பந்தைப் பார்க்கிற மாதிரி காட்டினார்கள். தமிழக ஆட்டக்காரர்களுக்கு அதுவரை கனவில்கூட இல்லாத சம்பளம் வந்தது.

ஆனால் கதவு? அதுதான் இல்லை. ஐ-லீக் வென்றால் ஐஎஸ்எல்-லுக்குப் போகலாம் என்ற விதி 2022-23 சீசனில்தான் அமலுக்கு வந்தது. 2023-ல் பஞ்சாப் அணி முதல் ஆளாக நுழைந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2019 மார்ச் 9-ல் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டத்தை எடுத்தது சென்னை சிட்டி எஃப்சி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். உருகுவேக்காரர் பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்திருந்தார். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப் அந்த ஆண்டுதான் இந்த அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது.

லீட்ஸுக்கு 2020-ல் நடந்தது சென்னை சிட்டிக்கு 2019-ல் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. சாம்பியன் ஆனதற்குப் பரிசாக மறுபடியும் அதே ஐ-லீக். போதாக்குறைக்கு, அதே சீசனின் நடுவில் ஐ-லீக் ஆட்டங்கள் அனைத்தையும் ஒளிபரப்ப மாட்டோம் என்று சேனல் முடிவெடுத்து, கிளப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. டிவியில் வராத ஆட்டத்துக்கு ஸ்பான்சர் எங்கிருந்து வருவார்? தண்ணீர் கடைமடைக்குப் போகவில்லை என்பது ஒரு பக்கம். மடையே அங்கே வைக்கவில்லை என்பதுதான் உண்மை.

15 ஆண்டுக் குத்தகை 2025 டிசம்பர் 8-ல் முடிந்தது. அது முடியும் முன்பே பிரச்னை வெடித்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல்நிலை அணியின் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்சி அணியின் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. வீட்டு இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் கையில் இருக்கு, லீக் இல்லை, சம்பளமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் திடீரென்று லாகின் ஆகாமல் போன அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

புது டெண்டர் விட்டார்கள். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 37.5 கோடி ரூபாய் உத்தரவாதம் கேட்டார்கள். ஒரு ஐபிஎல் ஆட்டத்தின் உரிமை விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லீக்கை நடத்தும் செலவும் எடுப்பவர் தலையில் என்பதால் இரண்டும் ஒன்றில்லைதான். ஆனாலும் நவம்பர் 7-ல் பெட்டியைத் திறந்தபோது ஒரு விண்ணப்பம்கூட இல்லை. அரசு தலையிட்ட பிறகு, 2026 பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கும் என்று ஜனவரியில் விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார்.

இந்த நிலைக்கு மீடியா முதலாளிகளை மட்டும் வில்லனாக்குவது சுலபம், ஆனால் சரியில்லை. ராட்ரிசானி சமூக சேவைக்காக லீட்ஸுக்கு வரவில்லை. லாபத்துக்காகத்தான் வந்தார். ஆனால் அவர் வருவதற்கு முன்பே அங்கே விதி எழுதப்பட்டிருந்தது: யாருக்கு எவ்வளவு பங்கு, யார் மேலே போகலாம், விழுந்தால் என்ன கிடைக்கும். அவர் போன பிறகும் அந்த விதி அப்படியே இருக்கிறது. இங்கே குளத்தை மொத்தமாக ஒருவரிடம் 15 ஆண்டுக்குக் கொடுத்துவிட்டு, கரையில் இருக்கும் மற்றவர்களுக்கு என்ன என்று சம்மேளனம் எழுதி வைக்கவில்லை. குத்தகைக்காரர் எழுந்து போனதும் வலையும் இல்லை, மீனும் இல்லை.

இனி போடும் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் எழுத்தில் வர வேண்டும். ஒன்று, ஒளிபரப்புப் பணத்தில் ஐ-லீக் கிளப்புகளுக்கும் மாநில லீக்குகளுக்கும் ஒரு நிலையான சதவீதம். இரண்டு, கீழ்நிலை ஆட்டங்களையும் போனில் நேரலையாகக் காட்டும் கட்டாயம். அதற்குப் பெரிய கேமரா வண்டி தேவையில்லை என்பதை மைகூஜூ எப்போதோ காட்டிவிட்டது. தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் பயிற்சி எடுக்கும் ஒரு பையனின் ஆட்டத்தை, சென்னையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் பார்க்க இன்றைக்கு ஒரு லிங்க் போதும்.

அப்படி மேலே வந்தவர்கள் இல்லாமல் இல்லை. டெல்டாவுக்கு வடக்கே, நெய்வேலியைச் சேர்ந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால், 2018-19 சீசனில் சென்னை சிட்டியில் ஆடி, பட்டம் வென்ற கையோடு ஐஎஸ்எல்-லில் சென்னையின் எஃப்சிக்குப் போனார். ஆட்டக்காரருக்கு அந்தக் கதவு திறந்தது. அவர் ஆடிய கிளப்புக்குத் திறக்கவில்லை. 2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக்கிலும் இல்லை.